கோரிக்கை மனு: பாதியில் நிற்கும் என் மகளின் காது அறுவை சிகிச்சை

அனுப்புநர்: பூ எடுக்கும் கூலித் தொழிலாளி, உசிலம்பட்டி வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: பிறவியிலேயே வலது காது வளராத என் மகளுக்கு இரண்டாம் கட்ட அறுவை சிகிச்சைக்குத் தேதி பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நான் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பிறக்கும்போதே வலது காது மடல் இல்லை. சின்னதாக ஒரு சதை மட்டும் இருந்தது, துவாரமும் அடைப்பு. கிரகணத்தில் வெளியே வந்திருப்பாய் என்று ஊரில் என்னைச் சொல்லாதவர் இல்லை. கருவில் காது உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே ஏற்படும் குறை, உன் குற்றம் இல்லை என்று டாக்டர்தான் தைரியம் சொன்னார்.

1. விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்துக் காது செய்ய வேண்டும், அது வளரட்டும் என்றதால் பத்து வயதுவரை காத்திருந்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. காது வடிவில் செதுக்கித் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அதற்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

2. ஆறு மாதம் கழித்து அந்தக் காதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்தி, பின்பக்கம் தோல் ஒட்ட வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது. வார்டில் கேட்டால் காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை என்கிறார்கள். காப்பீட்டுப் பிரிவில் கேட்டால் வார்டிலிருந்து தாள் வரவில்லை என்கிறார்கள்.

3. காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது ஐயா. பிள்ளைக்குக் கண்பார்வையும் குறைவு. கண்ணாடி போட்டால் வலப்பக்கம் மாட்ட இடம் இல்லை, எலாஸ்டிக் கட்டி விடுகிறேன், குனிந்து எழுதினால் நழுவி விழுகிறது. பள்ளியில் இரட்டைச் சடை கட்ட வேண்டும். முடியை இழுத்துக் கட்டினால் காது தெரிகிறது என்று காலையில் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு அழுகிறாள். பூ எடுத்துவிட்டு வந்து அந்த அழுகையைத்தான் பார்க்கிறேன். வலப்பக்கம் வரும் வண்டிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடாது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அவள் கையை நான் விடுவதே இல்லை. எங்கள் பக்கம் காதணி விழா எப்படி நடக்கும் என்று தங்களுக்குத் தெரியும். தாய்மாமன் சீர் செய்யக் காத்திருக்கிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இவள் வரமாட்டேன் என்கிறாள். நெஞ்சில் தழும்பு, தலையில் ஒட்டிய காது, இரண்டையும் மறைத்துக்கொண்டு பதினொரு வயதுப் பிள்ளை எத்தனை நாள் இருப்பாள்? கத்தி வைக்க அவள் பயப்படவில்லை. "எப்பம்மா கூப்பிடுவாங்க" என்றுதான் கேட்கிறாள்.

4. போன மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எது முடிந்தது ஐயா? யார் பிள்ளையைப் பார்த்து எழுதினார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று தள்ளிவிட வேண்டாம். வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் நகல் இணைத்துள்ளேன். வலது காதுக்கு எலும்பு வழியாகக் கேட்கும் கருவியைத் தலைப்பட்டையோடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் தர முடிந்தால் அதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். ஆனால் முதலில் அறுவை சிகிச்சைத் தேதி வேண்டும். ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள் ஐயா. எந்த நாள் சொன்னாலும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்