வீட்டுக்காரர் கையெழுத்து கேட்கும் டாக்டர்களுக்கு

தமிழ்நாட்டு மகப்பேறு மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருவைக் கலைக்க வரும் பெண்ணிடம், "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 18 வயது நிறைந்து, மனநலத்தோடு இருக்கும் பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். அவர் கையெழுத்துப் போடும் படிவம் 'சி'யில் கணவர் கையெழுத்துக்கு இடமே இல்லை.

நாளைக்குக் கணவர் கேஸ் போட்டால்? பயம் புரிகிறது. பஞ்சாப்–ஹரியானா பக்கம் ஒருவர் மனைவி மேலும் டாக்டர்கள் மேலும் நஷ்டஈடு கேட்டுப் போடவே செய்தார். உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பிலோ, குடும்பத்தார் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்றே அது சொன்னது.

பெண் குழந்தை என்று தெரிந்து கலைக்க வருகிறார்களே என்பீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தடுக்க 1994 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தவிர, அப்படி வரும் குடும்பத்தில் கணவரென்ன, மாமியாரே கையெழுத்துப் போடத் தயாராக நிற்பார். கையெழுத்து கிடைக்காமல் திரும்புவது அடி தாங்காமல் பிரிந்து வந்தவரும் கல்யாணம் ஆகாதவரும்தான்.

கருவும் உயிர்தானே என்று தயங்கும் டாக்டரை நான் மதிக்கிறேன். எனக்கும் அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உயிர் என்பதால் தயங்கினால், கணவர் கையெழுத்துப் போட்டதும் அந்தத் தயக்கம் எங்கே போகிறது? அவர் சொன்னால் சரி, அவள் சொன்னால் பாவமா? மனம் ஒப்பவில்லையென்றால் "நான் செய்வதில்லை" என்று நேராகச் சொல்லி, அன்றே வேறு டாக்டரிடம் அனுப்புங்கள். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையில் முடிய வேண்டியது, கையெழுத்துக்கு அலைந்தே தள்ளிப்போகிறது. சிலர் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு உங்களிடமே வருகிறார்கள்.

"குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம்" என்பதும் இதே கதைதான். அதையும் சட்டம் சொல்லவில்லை.

ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரிடமும் நர்ஸிடமும் இதைச் சொல்லிவையுங்கள். "கூட யார் வந்திருக்காங்க?" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி