மிதப்பது தக்கையால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் தூண்டில் கட்டுரையில், ட்ரவுட் மீனுக்குப் போடும் ‘உலர் ஈ’ சின்னத் தக்கை ஒன்றால் மிதக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் தக்கையும் இல்லை, உயிருள்ள ஈயும் இல்லை; தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் பொய்ப் பூச்சி அது. நோர்வேயில் மகள் வீட்டில் மூன்று கோடைகள் தங்கி, குளொம்மா ஆற்றங்கரையில் மருமகனிடம் பாடம் கேட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முள் 14ஆம் இலக்கம், பயற்றங்காய் விதையளவுதான். அதைக் குறட்டில் பிடித்து, தண்டில் நூல் சுற்றி, அதன்மேல் சேவலின் கழுத்திறகு ஒன்றை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இழைகள் போத்தல் கழுவும் தூரிகைபோல நாற்புறமும் விறைத்து நிற்கும். தண்ணீர்மேல் ஈயைத் தாங்குவது அந்த இழைகளின் நுனிகளே. முதுகில் சிறகுக்கு ஒரு சிட்டிகை மான் மயிர். அதன் உள்ளே காற்றறைகள் இருப்பதால் நூலை இறுக்கியதும் விசிறியாக விரியும்; தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் மேலே வந்துவிடும். (மான் மயிர் அங்கே கடையில் வாங்கியது. இங்கே யாரும் அதற்காக வன்னிக் காட்டுக்குள் புறப்பட வேண்டாம்.)

சேவல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் மாரியில், கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்து பெட்டைக்கோழி இறகில் பன்னிரண்டு ஈக்கள் கட்டினேன். பெட்டையின் இறகு மென்மை, தண்ணீரைக் குடிக்கும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது பன்னிரண்டும் அடியில் கிடந்தன. மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எறிவது இன்னொரு கதை. பண்ணைப் பாலத்தடியில் ஈயக்குண்டு கட்டித் தங்கூசி வீசிப் பழகிய கை என்னுடையது. இதில் பாரம் தூண்டில் நூலுக்குத்தான். ஈக்குப் பாரமே கிடையாது. ஓட்டத்துக்கு எதிராக மேலே எறிந்து, நூலைத் தொய்வாக விட வேண்டும். நூல் இறுகினால் ஈ தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடும் பூச்சியை ட்ரவுட் ஏறெடுத்தும் பாராது. ஈரமானால் கைக்குட்டையில் ஒற்றி, காற்றில் இரண்டு மூன்று முறை வீசிக் காயவைத்த பிறகே மறுபடி போடலாம்.

நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் சொந்த மீன் என்று நீங்கள் எழுதியதும் பிழை. ஆங்கிலேயர் 1880களில் கொண்டுவந்து விட்டவை அவை.

அடுத்த முறை படம் போடுவதானால், பக்கத்து வீட்டுச் சேவலின் இறகில் கட்டிய ஈக்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. தபாலில் அனுப்பி வைக்கிறேன்; முள் கையில் ஏறாமல் பார்த்துப் பிரியுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தபாலதிபர்,
கோண்டாவில்.