குரல் ஒலிக்கும் இடமெல்லாம் கேப்ஷன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை வட்டாரங்களில் உள்ள பயிற்சி நிலையங்களுக்கும் மீன் பதனிடும் கூடங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் நாங்கள் செய்து தரும் கணினிவழிப் பாடங்களில், இனிமேல் குரல் ஒலிக்கும் ஒவ்வோர் இடத்திலும் கேப்ஷன், அதாவது ஒலிப்பதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரிகள், இருக்கும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பாடம் உங்கள் கைக்கு வருவதற்குச் சில நாள்கள் கூடுதலாகும். அவை எதற்குச் செலவாகின்றன என்பதை விளக்கவே இம்மடல்.

வீடியோவுக்குச் சப்டைட்டில் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. நம் பாடங்களிலோ வீடியோ குறைவு. சிலைடின் பின்னணியில் ஒலிக்கும் குரலே மிகுதி. படத்தைத் தொட்டால் வரும் விளக்கம், கேள்விக்குத் தவறான விடையைத் தேர்ந்தால் வரும் திருத்தம் என்று ஒரே சிலைடில் பல ஒலிப்பதிவுகள் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேப்ஷன் இணைக்க வேண்டும். முதன்மைக் குரலுக்கு மட்டும் இணைத்து நிறுத்திவிட்டால், காது கேளாத ஒருவர் பாடம் முழுவதையும் படித்துவிடுவார். தாம் செய்த பிழை ஏன் பிழை என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போகும். கற்பித்தலில் அதைவிட முக்கியமான இடம் வேறில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

சிலைடிலேயே எழுத்து இருக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கடற்பாசி வளர்ப்புப் பாடத்தில் ‘அறுவடை: 45 நாள்’ என்றுதான் சிலைடில் இருக்கும். அறுத்த பாசியில் எவ்வளவை அடுத்த மிதவைக்கு விதையாக ஒதுக்குவது, கடல் கொந்தளிப்பான நாள்களில் கயிற்றை எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் குரல்தான் சொல்கிறது. அக்குரலைக் கேட்க முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். டீசல் எஞ்சின் அருகே பல ஆண்டுகள் நின்றவர்களுக்குச் செவித்திறன் மங்குகிறது; பதனிடும் கூடத்தின் இரைச்சலில் நல்ல காதுக்கும் ஒன்றும் புரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில் மின்னணு ஊடகங்களுக்குக் கேப்ஷன் வேண்டும் என்கிறது. இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி அமைய உலகளவில் பின்பற்றப்படும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையும், முன்பதிவு செய்த வீடியோவில் வரும் ஒலிக்குக் கேப்ஷனை அடிப்படை நிலையான ‘ஏ’ நிலையிலேயே கேட்கிறது. ஒலி மட்டும் இருக்கும் பதிவுக்கு முழு எழுத்து வடிவம் போதும் என்கிறது. நாங்கள் இரண்டையும் தருகிறோம்.

குரலைக் கேட்டுத் தானே எழுதித் தரும் மென்பொருள்களை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். அவற்றுக்கு நம் கரையின் பேச்சு பழக்கமில்லை. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று சோளக் காற்றாகிவிடும், கட்டக்கோரைப் பாசியின் பெயர் உருத்தெரியாமல் சிதையும். ஆகவே ஒருவர் முழுப் பதிவையும் கேட்டு, சொல் சொல்லாகத் திருத்துகிறார்.

அதைவிட நேரம் எடுப்பது வரி பிரிக்கும் வேலை. ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்து என்ற ஆங்கிலக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ‘கொ’ என்ற ஓரெழுத்தைக் கணினி இரண்டாக எண்ணும். நம் எழுத்துகள் அகலமானவை, கைபேசித் திரையோ குறுகியது. இன்னொன்றும் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அங்கேதான் வரும். ‘எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க’ என்பது ஒரு கேப்ஷனிலும் ‘வேண்டாம்’ என்பது அடுத்த கேப்ஷனிலும் விழுந்தால், அவசரமாகப் படிப்பவருக்கு அது ஆபத்தாகவே முடியும். ஆகையால் எங்கே வெட்டினால் பொருள் சிதையாது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்தே பிரிக்கிறோம். எச்சரிக்கை மணி, எஞ்சினின் ஓசை மாறுவது போன்ற, பாடத்துக்குத் தேவையான ஒலிகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். இருவர் பேசினால் யார் பேசுகிறார் என்பதையும் குறிக்கிறோம்.

கேப்ஷன் கோப்பு வெறும் எழுத்துதான் என்பதால் மிகச் சிறியது. சிக்னல் மெலிந்த இடங்களிலும் பாடத்தின் வேகத்தைக் குறைக்காது. பாடம் திறக்கும்போதே கேப்ஷன் தெரியும்படி அமைக்கிறோம்; வேண்டாதவர்கள் பொத்தானைத் தொட்டு மறைத்துக்கொள்ளலாம். அதைத் தேடிப் பிடித்துத் திறக்கும் சிரமம் தேவைப்படுபவரின் தலையில் விழக்கூடாது.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது சில. உரையை ஒலிப்பதிவுக்கு முன்பே இறுதிசெய்து அனுப்புங்கள். பதிவு முடிந்தபின் ஒரு வாக்கியம் மாறினாலும், அதற்குப் பின் வரும் எல்லாக் கேப்ஷன்களின் நேரத்தையும் திருத்த நேர்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்தே அனுப்புங்கள்; பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வருவதை மாற்றும்போது பிழைகள் நுழைகின்றன. தொழில் தெரிந்த ஒருவரை உங்கள் தரப்பில் கேப்ஷனைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று, வலை, பாசி, மீன்பாடு ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல்லே பாடத்திலும் இருக்க வேண்டும் என விரும்புகிறோம்.

ஏற்கெனவே வாங்கிய பாடங்களுக்கும் கேப்ஷன் சேர்த்துத் தருவோம். கடல் பாதுகாப்பு, முதலுதவிப் பாடங்களை முதலில் எடுத்துக்கொள்கிறோம். மற்றவற்றில் எது முன்னே வேண்டும் என்பதையும், உங்களிடம் பயிற்சி பெறுபவர்களில் செவித்திறன் குறைந்தவர்கள் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பெயர் குறிப்பிடாமல் எழுதினால் போதும். அதன்படி வரிசையை அமைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பாடத் தயாரிப்புக் குழுவினர்,
இராமநாதபுரம்