ஆதிரைக்கு முதலில் ஸ்கிராட்ச்

அன்புள்ள யாழினிக்கு,

ஆதிரைக்கு நேராக, எழுத்தில் நிரல் எழுதும் பைத்தான் மொழியையே சொல்லிக்கொடுத்தால் என்ன, ஸ்கிராட்ச்சில் பூனையை நகர்த்தி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். ஒன்பது வயதுக்கு, பிளாக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் செய்யும் ஸ்கிராட்ச்தான் சரி, கண்ணு. பூனை அதற்குக் காரணம் இல்லை.

பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனாலே நிரல் ஓடாது. தான் யோசித்தது சரியா தப்பா என்று பிள்ளைக்குத் தெரியும் முன்பே எழுத்துப்பிழை குறுக்கே வந்து நின்றுவிடும். ஸ்கிராட்ச்சில் பிளாக்கின் வடிவம்தான் இலக்கணம். அறுகோணக் குழியில் ஆமா, இல்லையா என்று பதில் வரும் கேள்வி மட்டுமே உட்காரும். எண்ணை இழுத்துக்கொண்டு போனால் அது ஏற்காது. ஆகவே மிஞ்சுவது யோசனையில் உள்ள பிழை மட்டும். அதைத் துரத்திப் பிடிப்பதில்தான் இதன் ருசியே இருக்கிறது.

ஆப்பிள் பிடிக்கும் விளையாட்டிலிருந்து தொடங்கு. ஆட்டம் நடக்கும் மேடை 480 அகலம், 360 உயரம். நடுவில் 0, 0. இடவலம் எக்ஸ், மேல்கீழ் ஒய். கிண்ணத்துக்கு ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடி, அதன் கீழே உள்ளிருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘ஃபாரெவர்’, உள்ளே ‘செட் எக்ஸ்’ பிளாக்கில் ‘மவுஸ் எக்ஸ்’. ஆப்பிளுக்கும் பச்சைக் கொடி. எக்ஸ் -220-க்கும் 220-க்கும் இடையே ரேண்டம், அதாவது ஏதோ ஓர் எண், ஒய் 170. பிறகு ஃபாரெவருக்குள் ‘சேஞ்ச் ஒய் பை -5’. நொடிக்கு 30 முறை சுற்றுவதால் கீழே வர இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே -5-ஐ -10 ஆக்கச் சொல். நிறுத்தவே வேண்டாம், ஆப்பிள் அந்தக் கணமே வேகமாக விழும். 2007-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் ஸ்கிராட்ச்சை வெளியிட்டபோது, சுழலும் இசைத்தட்டைக் கையால் இழுத்துப் புது ஓசை எடுக்கும் டி.ஜே.க்களிடமிருந்துதான் பெயரை எடுத்தார்கள். பொருத்தமான பெயர்.

இனித்தான் சிக்கல்கள் வரும், வரட்டும். ‘கிண்ணத்தைத் தொட்டால்’ என்ற ‘இஃப்’ பிளாக்கை ஃபாரெவருக்கு மேலே வைப்பாள். கொடியை அழுத்திய கணத்தில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அது போய்விடும், ஸ்கோர் ஏறாது. உள்ளே நகர்த்தியதும் ஒரே ஆப்பிளுக்கு ஸ்கோர் பத்துக்கு மேல் தாவும். ஆப்பிள் கிண்ணத்தைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தொடுகிறதே! ஒன்று கூட்டியவுடன் ஆப்பிளை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். அடுத்த ஆட்டத்தில் பழைய ஸ்கோர் அப்படியே நிற்கும். கொடிக்குக் கீழே ‘செட் ஸ்கோர் டு 0’ வேண்டும்.

தவறவிட்ட ஆப்பிளைத் திரும்ப அனுப்ப ‘ஒய் -170-க்குக் கீழே’ என்று வை. -250 என்று வைத்தால் அது அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஏனென்றால் ஸ்பிரைட்டை, அதாவது மேடையில் நகரும் உருவத்தை, மேடைக்கு வெளியே முழுதாகப் போக ஸ்கிராட்ச் விடாது. இதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீ மவுஸை வாங்காதே. ஆப்பிளின் ‘ஒய் பொசிஷன்’ பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டத்தில் டிக் செய்துகொடு. எண் மேடையிலேயே ஓடும், மாட்டிக்கொண்ட இடம் தெரிந்துவிடும்.

பைத்தான் எப்போது என்றால், ‘மை பிளாக்ஸ்’-இல் அவள் சொந்தமாகச் செய்த பிளாக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தராது, பைத்தானில் அது முடியும். “ஏன் தர மாட்டேன் என்கிறது?” என்று அவளாகவே வந்து கேட்கும் அன்று பைத்தானைத் திற.

அன்புடன்,
அப்பா