கரையோரப் பெற்றோரின் நன்றி மடல்

அன்புடையீர்,

போதையில் சிக்கிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு திகைத்து நின்ற பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பெற்றோர் சேர்ந்து எழுதும் மடல் இது. பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை. செய்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். அறையில் போட்டுப் பூட்டினால் தானாகத் தெளிந்துவிடுவான் என்றுதான் ஊரில் பலரும் நம்புகிறார்கள். அதில் உயிராபத்து இருப்பதை நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தினமும் குடித்துப் பழகியவன் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் வரலாம், இல்லாத உருவங்களும் தெரியலாம். தூக்க மாத்திரையையும் மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். போதைக்காக வலி மாத்திரை போட்டவன் விடும்போது மூக்கொழுகும், கொட்டாவி வரும், வயிற்றுப்போக்கு இருக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆபத்து பிறகுதான். சில வாரம் விட்டிருந்து, பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு அடங்கிவிடும். அப்படிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழைக்கச் சொன்னீர்கள்.

கஞ்சாவை விட்டவனுக்கு ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். தினமும் இழுத்தவன் என்றால் விட்டு மூன்று வாரம் கழித்தும் சிறுநீர்ச் சோதனையில் காட்டக்கூடும். அந்தச் சீட்டை வைத்துப் பிள்ளையைப் பொய்யன் என்று அடிக்காமல் எத்தனையோ வீடுகளைத் தடுத்தீர்கள்.

ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதைக் கண்ட கரை இது. பிள்ளையைக் கட்டிவைக்கும் இடத்தில் விட எங்களுக்கு மனம் வராது. 18 வயது ஆகாதவரைப் பெரியவர்களோடு ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். அதை மதித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரிக்க இடம் கொடுத்த வார்டு ஊழியர்களுக்கு நன்றி.

படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். படகு கரையேறியதும் பங்குக் காசு கையில் விழும் அந்த அரை மணி நேரம்தான் பையன்களுக்குக் கண்டம். 18, 19 வயதுப் பையன்களின் பங்கை, அவர்கள் சம்மதத்தோடு, தாயார் கையிலோ வங்கிக் கணக்கிலோ போட்டீர்கள். டீ, பஸ் செலவுக்கு மட்டும் கொடுத்தீர்கள். மருந்து சாப்பிட்டுத் தேறிவரும்வரை கடலுக்கு ஏற்றாமல் வலை வேலையில் வைத்துக்கொண்டீர்கள். நடுக்கடலில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே குலை நடுங்குகிறது.

மருத்துவச் சீட்டு இல்லாமல் மாத்திரை தர மறுத்து, அந்த வகை மருந்து விற்பனையைக் குறிக்கும் எச்1 பதிவேட்டை ஒழுங்காக எழுதும் மருந்துக் கடைக்காரர்களுக்கும், தின்னரைப் பூட்டிவைக்கும் ஃபைபர் படகுப் பட்டறைகளுக்கும், பஞ்சர் சொல்யூஷனைச் சிறுவர்களுக்கு விற்காத கடைகளுக்கும் நன்றி. இவற்றைப் போதைக்காக முகர்ந்துகொண்டிருக்கும் பையனைத் துரத்தினாலோ மிரட்டினாலோ இதயத் துடிப்பு தடுமாறி அங்கேயே உயிர் போகலாம். மெதுவாகப் பேசிக் காற்றோட்டத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள்.

ஈறில் வெள்ளைத் தழும்பைக் கண்டு கூல் லிப் என்ற, வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலம்தான் காரணம் என்று புரிந்துகொண்டு, டிசி கொடுக்காமல் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன ஆசிரியர்களே, அது பெரிய உதவி.

சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு என்று விளக்கிய வழக்கறிஞர்களுக்கும் நன்றி. புகார் சொல்லப் பயந்தவர்களுக்கு அதனால் தெம்பு வந்தது.

கூடிப் பேச வாசலில் பலகை வைக்காமல் அறை தந்த பங்குத்தந்தைக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தகப்பன்மாரும் வர வேண்டும் என்று, படகு போகாத நாளாகப் பார்த்துத்தான் கூடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் பையன்கள் கை சும்மா இருக்கும். அந்த நாட்களில் மாலைதோறும் அறையைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண்ணில் முதலில் பேசுங்கள். பிறகு அங்கே வாருங்கள்.

இப்படிக்கு,
கரையோரப் பெற்றோர்