ஒரே தோட்டாவுக்கு எந்தக் காலிபர்?

மண்டபம்,
வைகாசி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் கடைக்காரர் கொடுத்த மூன்று துப்பாக்கிகளின் படமும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தோம், அதனால் பதில் தள்ளிப்போனது. இங்கே இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 வரை அப்படியே நிற்கும். நாட்டுப்படகுகள் மட்டும் போய் வருகின்றன. மீன் விலையைக் கேட்கவே வேண்டாம். கச்சான் இறங்கிவிட்டதால் தென்கடல் கொந்தளிக்கிறது. புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவதை நீ இன்னும் பார்க்கவில்லை. 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு முழுதாக மேலே எழும்புகிறது. நீ வரும்போது போய்ப் பார்க்கலாம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தவன், டெக்சாஸில் மான் வேட்டைக்கு இந்த மூன்றில் எது என்று ஒரு வரியில் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரி வேண்டுமென்றால், 7×57-ஐ எடு. ஆனால் காரணம் தெரிந்து எடுத்தால்தான் கடைக்காரர் பேச்சில் நீ அசையமாட்டாய்.

மூன்றும் ரூகர் கம்பெனியின் நம்பர் 1 தான், ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் துப்பாக்கி. காலிபர், அதாவது குழலின் துளை அளவும் அதற்கேற்ற தோட்டாவும்தான் வேறு. ஒன்று .300 வின்செஸ்டர் மேக்னம், குழல் 26 அங்குலம். இன்னொன்று .45-70, குழல் 22 அங்குலம். மூன்றாவது 7×57, அதுவும் 22 அங்குலம். துப்பாக்கியைப் பொறுத்தவரை உன் தேர்வு நல்ல தேர்வு. 1967-இலிருந்து வரும் மாடல் அது. அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் பின்பக்க அடைப்புக் கட்டை செங்குத்தாக இறங்கும். ஒரு தோட்டாவைப் போட்டு நெம்புகோலைத் தூக்கினால் அடைத்துக்கொள்ளும். 1872-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஃபார்கர்சன் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வழியில் வந்தது. அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் 1879-இல் பதிந்த வடிவத்தை வின்செஸ்டர் வாங்கி 1885 மாடலாகச் செய்ததே, அதுவும் இந்தக் குடும்பம்தான். நீ இடதுகைக்காரன் என்பதால் உனக்கு இன்னும் வசதி. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்டும் அதன் கைப்பிடியும் பக்கவாட்டில் கிடையாது, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி நடுவில் கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. எந்தக் கைக்கும் ஒன்றுதான்.

ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் முதல் குண்டுதான் எல்லாம். இரண்டாவது போடலாம், பழகினால் வேகமாகவும் போடலாம். ஆனால் மான் அதுவரை நிற்காது. அதனால் காலிபர் பார்க்கும்போது எது பலமானது என்ற கேள்வியை முதலில் வைக்காதே. எந்தத் துப்பாக்கியால் முதல் குண்டை நினைத்த இடத்தில் வைக்க உன்னால் முடியும் என்று கேள். சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து கண்ணை மூடி விசையைச் சுண்டுபவன் கையில் மேக்னம் இருந்தென்ன, பீரங்கி இருந்தென்ன? ரேஞ்சில் நல்ல பலமான ஜவான்களே தோளை முன்கூட்டி இறுக்கிக்கொண்டு குண்டைத் தரையில் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் எஸ்.எல்.ஆர்., எங்கள் ராணுவ ரைஃபிள், தன் உதையில் கொஞ்சத்தைத் தானே விழுங்கும் துப்பாக்கி. நம்பர் 1-இல் அப்படி விழுங்க ஒன்றும் இல்லை. முழு உதையும் தோளுக்குத்தான்.

எஸ்.எல்.ஆரில் நாங்கள் போட்ட 7.62 தோட்டாவின் உடன்பிறப்புதான் உங்கள் ஊர் .308. அதில் சுமார் 45 கிரெயின் வெடிமருந்து போகும் (கிரெயின் என்பது மருந்தையும் குண்டையும் எடைபோடும் மிகச் சிறிய அளவு). உன் கடைக்காரர் புகழும் .300 மேக்னத்தில் அதே அளவுத் துளைக்கு 70 கிரெயினுக்கு மேல் போகும். துப்பாக்கி எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், உதை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். 140 கிரெயின் குண்டோடு 7×57-இன் உதை இரண்டையும் விட மெல்லிது. நாள் முழுக்கச் சுட்டுப் பழகலாம். ஐம்பது தாண்டிய தோளுக்கு இது சின்ன விஷயம் இல்லை மாப்பிள்ளை.

குழல் நீளத்தைப் பற்றித்தான் நீ அதிகம் குழம்பியிருக்கிறாய். மருந்து எரிந்து வாயுவாகி, குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழல் நீண்டால் தள்ளும் நேரம் கூடும், வேகமும் கூடும். ஆனால் ஒவ்வொரு அங்குலமும் முந்தையதை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும், ஏனென்றால் வாயு விரியும்போது அழுத்தம் விழுந்துகொண்டே போகும். .308 அளவுத் தோட்டாவுக்கு அங்குலத்துக்கு விநாடிக்கு 20, 25 அடி என்று வைத்துக்கொள். 24 அங்குலக் குழலில் விநாடிக்கு 2,800 அடி போகும் குண்டு, 20 அங்குலத்தில் 2,700 அடி போகும். மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மேக்னத்தில் கதை வேறு. ஒடுக்கமான துளைக்குப் பின்னால் அவ்வளவு மருந்தைத் திணித்திருப்பதால் ஒவ்வொரு அங்குலத்தையும் இழக்கும்போது நஷ்டம் பெரிது. அதோடு குழல்வாய்ச் சத்தமும் தீயும் கூடும். அதனால்தான் அதற்கு 26 அங்குலம் வைத்திருக்கிறார்கள். மேக்னம் வாங்கிக் குழலை 20-க்கு வெட்டுவது, காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் காற்றில் எரிப்பது.

மறுமுனையில் .22 ரிம்ஃபயர், கூட்டின் விளிம்பில் அடித்து வெடிக்கும் சின்னத் தோட்டா. அதன் சிட்டிகை மருந்து 16 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும். மீதி நீளம் குறி பார்க்க மட்டுமே உதவும். (உங்கள் டெக்சாஸில் மானை ரிம்ஃபயரால் சுடக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம்.) .45-70-ம் அகலத் துளை என்பதால் நீளத்தைப் பெரிதாகக் கேட்காது.

நீளக் குழல் என்றாலே குறி தப்பாது என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். தொலைநோக்கி பொருத்திவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. திறந்த முனைக்குறியும் பின்குறியும் வைத்துச் சுடும்போது இரண்டுக்கும் இடைவெளி கூடினால் பிசகு குறையும், அவ்வளவுதான். ஒரே தடிமனில் குட்டைக் குழல் இன்னும் விறைப்பாக நிற்கும்.

ஆனால் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ஒரு வரம் உண்டு. தோட்டாப்பெட்டி இல்லை, முன்னும் பின்னும் ஓடும் போல்ட் இல்லை, அதனால் நடு உடல் ஏறத்தாழ நான்கு அங்குலம் குட்டை. 26 அங்குலக் குழல் போட்ட நம்பர் 1-ம் 22 அங்குலக் குழல் போட்ட போல்ட் துப்பாக்கியும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரே நீளம். அதனால் ஒற்றைத் துப்பாக்கியில் குழலைக் குறைக்க அவசரப்படாதே. நீ மரப்பெட்டி மறைவிடத்துக்குள் உட்கார்ந்து சுடுகிறவன். குழல்வாய் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே வெடித்தால் காது போய்விடும். வெளியே நீட்டினாலும் காதுக்குக் கவசம் போட்டுக்கொள், இதில் சமாதானமே கிடையாது. அந்த 7×57-இன் 22 அங்குலம் உனக்குப் போதும். 24 கிடைத்திருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பழையதாகத்தான் இவை கிடைக்கின்றன.

7×57 ஜெர்மனியின் மவுசர் 1892-இல் கொண்டுவந்த தோட்டா. இங்கிலாந்தில் .275 ரிக்பி என்று விற்றார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த துப்பாக்கி இந்தக் காலிபர்தான். பழைய மவுசர்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கு மென்மையாகவே மருந்து போடுகின்றன: 140 கிரெயின் குண்டு, விநாடிக்கு 2,660 அடி. உன் குழலில் 2,600 என்று வைத்துக்கொள். நீ எழுதியபடி பார்த்தால் தீனிப்பெட்டி 100 யார்டில் இருக்கிறது. 200-ஐத் தாண்டி நீ சுடப்போவதில்லை. அந்தத் தூரத்தில் மானின் முன்தோளுக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் போக இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உன் நிலத்துப் பன்றிகளுக்கும் போதும். ஒரே குறை, தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே லாட்டாக ஐந்தாறு பெட்டி வாங்கி வைத்துக்கொள்.

.45-70 எனக்கும் பிடித்த தோட்டாதான். 1873-இலிருந்து வருகிறது, விளிம்பு வைத்த பித்தளைக் கூடு. ஒற்றைத் துப்பாக்கிக்கு அந்த விளிம்பு நல்லது, கூட்டை வெளியே இழுக்க உறுதியான பிடி கிடைக்கும். ஆனால் குண்டு மெதுவாகப் போகும், 150 யார்டு தாண்டினால் கீழே விழும் கணக்கை மனத்தில் வைத்தே சுட வேண்டும். அப்புறம் ஓர் எச்சரிக்கை: நம்பர் 1 பலமான உடம்பு என்பதால் சிலர் அதற்கென்று சூடாக மருந்து போட்ட .45-70 விற்பார்கள். அதை யாராவது ட்ராப்டோர் என்ற பலவீனமான பழைய .45-70 துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கி முகத்தில் வெடிக்கும். உன் அலமாரியில் அந்தப் பெட்டி இருக்கவே வேண்டாம்.

7×57-இல் விளிம்பு இல்லை, கூட்டின் அடியில் சுற்றிலும் பள்ளம்தான். ரூகரின் இழுப்பான் அதைச் சரியாகப் பிடிக்கும். ஆனாலும் போல்டைத் திருகும்போது கிடைக்கும் பலம் நெம்புகோலுக்குக் கிடையாது. சொந்தமாக மருந்து நிரப்ப ஆசை வந்தால் அழுத்தத்தை எல்லை வரை ஏற்றாதே. கூடு சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், ஒட்டிக்கொண்டால் காட்டில் நின்று ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கும் முன் குழல்வாயின் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று பார். அடுத்து குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டை. நம்பர் 1-இன் முன்கட்டை உடலிலிருந்து நீளும் ஒரு கம்பியில் திருகியிருக்கும். அது குழலை அழுத்தும் விதம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குழல் சூடாக ஆகக் குண்டு விழும் இடம் ஒரு கோடாக மேலேறும். அதனால் மணல்மூட்டையை முன்கட்டையின் நுனியில் வைக்காமல் உடலுக்கு அருகில் வை. ஐந்து குண்டைத் தொடர்ந்து சுட்டுக் குறியைச் சரிசெய்யாதே. குளிர்ந்த குழலில் ஒன்று சுடு, அரைமணி ஆறவிடு, மறுபடி ஒன்று. இப்படிச் சில நாள் செய்து, அந்த முதல் குண்டுகள் எங்கே விழுகின்றனவோ அதற்கே தொலைநோக்கியைத் திருப்பு. மான் பார்க்கப்போவது அந்தக் குண்டைத்தான்.

நீ இருக்கும் கார்பஸ் கிறிஸ்டியும் நம் ஊர் மாதிரி உப்புக்காற்று. கறுப்புப் பூச்சுப் போட்ட எஃகில் விரல்ரேகை பட்டால்கூட மறுநாள் துரு. துடைத்து எண்ணெய் பூசித்தான் வைக்க வேண்டும். ஆனால் வேட்டைக்குக் கிளம்புமுன் குழலின் உள்ளே காய்ந்த துணி விட்டு எண்ணெயை எடுத்துவிடு. எண்ணெய்க் குழலில் போகும் முதல் குண்டு வேறு இடத்துக்குப் போகும். காற்று பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் இந்தக் குண்டு 200 யார்டில் மூன்று, நான்கு அங்குலம் விலகும். கச்சான் மாதிரி அடித்தால் அன்று சுடாதே.

வேட்டை சரியா என்று நீ கடைசியில் கேட்டிருந்தாய். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை, இருக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் ஆவுளியா என்ற கடல்பசு எப்படிக் குறைந்துபோனது என்று நம் பெரியவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறோம். கமுதிப் பக்கம் சீமைக்கருவையிலிருந்து பன்றி இறங்கி வெள்ளாமையை அழிக்கிறது என்று மைத்துனர் புலம்புகிறார். அவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார், முடிந்ததும் வாங்கி வருகிறார். உங்கள் ஊரில் பருவம் வைத்து, இத்தனை என்று கணக்கு வைத்து அனுமதிக்கிறார்கள். நம் தடைக்காலம் போல அதுவும் மதிக்க வேண்டிய கணக்கு. அதற்குள் நின்று நீ செய். காயத்தோடு ஓடிய மானை இருட்டினாலும் தேடிப் போகத் தயாராக இல்லையென்றால் விசையில் விரல் வைக்காதே. தூரம் சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு. நான் மெல்லிய காலிபரைச் சொல்வதும், முதல் குண்டை இத்தனை முறை சொல்வதும் இதற்காகத்தான்.

தொலைநோக்கியும் வாரும் சேர்த்து மொத்த எடை எவ்வளவு வருகிறது என்று எழுது. ஏழரை பவுண்டுக்குக் கீழே போனால் உதை கூடும், அப்போது கட்டையின் பின்னால் ரப்பர் பட்டை மாற்றச் சொல்ல வேண்டும். குளிர்ந்த குழலில் சுட்ட அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். மாசி மாதம் வருவதாகச் சொன்னது உறுதிதானா? டிக்கெட் போட்டதும் தெரிவி.

அன்புடன்,
உன் மச்சான்