பைரேட்ஸ் முதலாளிக்கு, மஞ்சள் பாலத்தில் நடந்து வரும் ஒருவன் எழுதுவது

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பாப் நட்டிங் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் சொல்ல ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்தன்று, ‘அணியை விற்றுவிடு பாப்’ என்று ஒரு விமானத்தின் வாலில் பேனர் கட்டி மைதானத்துக்கு மேலே பறக்கவே விட்டார்கள். அதற்கு மேல் நான் ஆங்கிலத்தில் எழுதி என்ன ஆகப் போகிறது? தமிழிலேயே புலம்பிக்கொள்கிறேன்.

2006இல் படிக்க வந்தபோது எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. ஊரில் டிக்கெட் மலிவாகக் கிடைத்த ஆட்டம் பேஸ்பால்தான். ஏன் மலிவு என்று அப்புறம்தான் புரிந்தது. நான் வரும்போதே அணி பதின்மூன்று சீசன் தொடர்ந்து தோற்றிருந்தது. 2012 வரை அது இருபதாக நீண்டது. அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகள் எதிலும் வேறு எந்த அணியும் அவ்வளவு காலம் தொடர்ந்து தோற்றதில்லை. வாணவேடிக்கை உள்ள நாளில் மட்டும் கூட்டம் நிரம்பும். ஆட்டம் எப்போது முடியும், வெடி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்போம்.

இருந்தும் ஒட்டிக்கொண்டது. ஆட்ட நாளில், மைதானத்துக்குப் போகும் கிளெமெண்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மஞ்சள் இரும்புக்கு நடுவே, ஆற்றுக்கு மேலே ஊரே நடந்து போகும். வெளிச் சாப்பாட்டை உள்ளே அனுமதிக்கும் மைதானம் இது. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் புளியோதரையை டப்பாவில் எடுத்துக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தில் போவேன். 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது உங்கள் அணிதான். இருவரும் பெரிய லீக் வரை வரவில்லை. ஆனாலும் அதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் வாஞ்சை உண்டு.

2013இல் ஒருவழியாகத் தோல்வி வரிசை முடிந்து நாக்அவுட் ஆட்டம் வரை வந்தோம். அந்த அக்டோபர் 1ஆம் தேதியை மறக்க முடியாது. சின்சினாட்டி அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், க்வெட்டோவின் பெயரை மைதானமே இழுத்து இழுத்துக் கத்தியது. பந்து அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த பந்திலேயே எங்கள் ரசல் மார்ட்டின் ஹோம்ரன், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. டிவிக்கு முன்னால் குதித்ததில் என் கைக் காப்பி சோபாவெல்லாம் கொட்டியது. 2015இல் 162 ஆட்டத்தில் 98 வெற்றி. இன்னும் ஒரு கை கொடுத்தால் போதும் என்று நினைத்தோம். 2018 ஜனவரியில் எங்கள் நட்சத்திரங்கள் கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மெக்கட்சனையும் இரண்டு நாள் இடைவெளியில் வேறு அணிகளுக்கு அனுப்பினீர்கள்.

இப்போது எங்களுக்கு பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சர் கிடைத்திருக்கிறார். இவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2025இல் ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, சராசரியாக 1.97 ரன்தான் கொடுத்தார். அந்த ஆண்டு எங்கள் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாக்களித்த அத்தனை பேரும் அவருக்கே தந்தார்கள். அவர் கணக்கில் எத்தனை வெற்றி தெரியுமா? பத்து. தோல்வியும் பத்து. முப்பது அணிகளில் மிகக் குறைவாக ஹோம்ரன் அடித்தவர்கள் நாம்தான். ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்துக் கொடுத்த பிறகு பதினோரு பேரும் நாற்பது ரன்னுக்குள் சுருண்டால் எப்படியிருக்கும், அப்படி.

கோடையில் ஒரு ராத்திரி மகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஸ்கீன்ஸ் எறிந்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜாக்கெட்டை வலது தோளில் மட்டும் போட்டுக்கொண்டு, முழங்கையை முட்டியில் ஊன்றி, நம் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மட்டையோடு திரும்பி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. “அப்பா, அவங்க இவருக்கு ஹெல்ப் பண்ண மாட்டாங்களா?” என்றாள் மகள். புளியோதரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

சின்ன ஊர், காசு இல்லை என்று சொல்லாதீர்கள். எங்களைவிடச் சிறிய சந்தையான மில்வாக்கி, நம்முடைய பிரிவிலேயே இருந்துகொண்டு, 2025இல் 97 ஆட்டம் ஜெயித்தது. நாம் ஜெயித்தது 71. பெரிய ஊர் அணிகளின் வருமானத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் வருகிறது. அந்தப் பணத்தை அணிக்குச் செலவழிக்கவில்லை என்று 2018இல் ஆட்டக்காரர்கள் சங்கமே நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தபோது, பட்டியலில் நீங்களும் இருந்தீர்கள். பக்கத்து மார்ஸ் ஊர்ப் பையன், பிட்சர் டேவிட் பெட்னரைக்கூட 2025 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்வோம், பழகிவிட்டது. வலது பக்க மதிலில் இருந்த 21ஐ எடுத்துவிட்டு மதுபான விளம்பரம் ஒட்டினீர்களே, அதுதான் தாங்கவில்லை. அது எங்கள் அணியில் ஆடிய ராபர்ட்டோ கிளெமெண்டேயின் எண். நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும் வழியில், 1972இன் கடைசி நாளில், விமானம் விழுந்து இறந்தவர். அந்த மதிலின் உயரமே 21 அடி. ஊர் கொந்தளித்த பிறகு 2025 ஏப்ரலில் எண்ணைத் திரும்ப வைத்தீர்கள். அதே மாதம், ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயரைப் பொறித்திருந்த செங்கற்கள் மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்த படமும் வந்தது.

மைதானத்துக்குப் போகாதே, அப்போதுதான் அவர்களுக்குச் சுடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். நாங்கள் விட்டுப் போக மாட்டோம் என்பதை வைத்துத்தான் நீங்கள் கணக்குப் போடுகிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த அணி உங்கள் கைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே கிளெமெண்டே இங்கே ஆடிவிட்டார். நீங்கள் சரியில்லை என்பதற்காக அவர் ஆடிய அணியை நான் ஏன் விட வேண்டும்?

ஸ்கீன்ஸ் 2029 வரை உங்கள் கையில். 2026இலிருந்து எண்ணினால் நான்கு சீசன். ஏப்ரலில் அதே பாலத்தில் நடந்து வருவேன். புளியோதரை என் பொறுப்பு. மூன்றாவதாகவும் நான்காவதாகவும் இறங்கி மட்டை பிடிக்க ஆள் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
21 அடி மதிலுக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவன்